மூன்றாம் பெஞ்சு

ஆண்டவரே,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
ஜெபிக்கத்தான் வந்தேன், தூங்க வரவில்லை.

கோமாவில் உமக்கு எத்தனையோ வீடுகள்.
எங்களுடையது பலகைச் சுவரும் தகரமும்.
தரையென்று ஒன்று கிடையாது;
எரிமலை கக்கி ஆறிய கறுப்புக் கல்தான்.
முழங்காலிட்டால் குத்தும்.
அதனால் எங்கள் ஜெபங்கள் சுருக்கமாக இருக்கும்.
உமக்குத் தெரிந்ததுதான்.

நான் கவூகோ, அடுப்புக்கரிக்காரி.
என் புருஷன் கத்தெம்போ
கிபும்பா மேட்டிலிருந்து கரிமூட்டைகளை
இரண்டு சக்கர மரச் சுக்குடுவில் ஏற்றி
சரிவில் விட்டுக்கொண்டு வருவான்.
ஒரு கால் பலகைமேல் மண்டியிட்டிருக்கும்,
மறு கால் சாலையை உதைக்கும்.
டயர்த் துண்டுதான் பிரேக்.
மற்றபடி அவனை நிறுத்துகிறவர் நீர்தான்.

வெள்ளிக்கிழமை நீர் நிறுத்தவில்லை.

நான்கு மூட்டை பள்ளத்தில் போயிற்று.
முன்சக்கரம் இரண்டாகப் பிளந்தது.
நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன்
சக்கரத்தின் ஒரு பாதியை மடியில் வைத்திருந்தான்.
மற்றப் பாதி எங்கே என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

சுக்குடு வாங்கக் கடன் தந்தவள் பெயர் ஃபுராஹா.
சுவாஹிலியில் மகிழ்ச்சி என்று பொருள்.
செவ்வாய் தவறாமல்
மகிழ்ச்சி எங்கள் வாசலுக்கு வருகிறாள்,
கக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு.
அவள் செருப்புச் சத்தம் கேட்டால்
அடுப்பில் கொதிக்கிற பீன்ஸ்கூட அடங்கிவிடும்.

இந்த இரண்டு இரவும் நான் கண் மூடவில்லை.
மலையின் வாய் வானத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.
கணக்குப் போட்டேன்.
டின்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு,
சக்கரத்துக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு;
எப்படிக் கூட்டினாலும்
விடியற்காலைதான் மிச்சம் வந்தது.

இன்று மூன்றாம் பெஞ்சில் இடம் கிடைத்தது.
பக்கத்தில் யாரென்று பார்க்கவில்லை.
உம்மிடம் கேட்க வேண்டியதை
வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன்.
தலை குனிந்தேன்.
"ஆண்டவரே" என்றேன்.

அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

மேளம் அடித்தார்களாம்.
பாடகர் குழு இரண்டு முறை எழுந்து பாடிற்றாம்.
காணிக்கைக் கூடை என் மடியைச் சுற்றிக்கொண்டு போயிற்றாம்.
போதகர் முசுபாவோ என்னைப் பார்த்துவிட்டு
மீதிப் பிரசங்கத்தைத் தணிந்த குரலில் சொன்னாராம்;
அவர் தணிந்து பேசி இந்தச் சபை கேட்டதே இல்லை.
நீரும் ஒருநாள் புயலுக்கு நடுவே
படகின் பின்பக்கம் தலைசாய்த்துத் தூங்கினவர்.
உம்மை எழுப்பினார்கள்.
என்னை யாரும் எழுப்பவில்லை.

கண் விழித்தபோது கூரையில் மழை.
என் கன்னம் ஒரு தோளின்மேல் இருந்தது.
வெள்ளை ரவிக்கை.
ஞாயிற்றுக்கிழமைக்கென்று கஞ்சி போட்டது.
அதன்மேல், எத்தனை சோப்புப் போட்டாலும்
என்னை விட்டுப் போகாத கரி,
கன்னத்தளவுக்கு.
நிமிர்ந்தேன்.
ஃபுராஹா.

மூச்சு நின்றது எனக்கு.
அவள் தோளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கையை மெல்ல உதறி,
"ஒன்றரை மணி நேரம். மரத்தே போச்சு" என்றாள்.
பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கும்.
வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது.
பெஞ்சே ஆடியது.
முன்வரிசைக்காரர்கள் முறைக்கத் திரும்பி,
ஏனென்று தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.
போதகர் ஆசீர்வாதத்தை
இரண்டு முறை தொடங்க வேண்டியதாயிற்று.

கடன் அப்படியே இருக்கிறது, ஆண்டவரே.
செவ்வாய்க்கிழமை வருவேன் என்று
வெளியே வந்ததும் அவளே ஞாபகப்படுத்தினாள்.
நாளை கத்தெம்போ
சக்கரத்துக்கு மரம் தேடிப் போக வேண்டும்.
நானோ
கேட்க வந்ததைக் கேட்காமலே
மழையில் நனைந்துகொண்டு நடக்கிறேன்,
கை வீசி, வெறுங்கையாக.
இத்தனை லேசாக இருப்பதற்கு
எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்த வாரம் கேட்கிறேன்.
அதற்கு முன்
அந்த ரவிக்கையை வாங்கித் துவைத்துக் கொடுக்க வேண்டும்.
கரிக்கறை லேசில் போகாது.